மஞ்சள் வராத படம்

அஜ்மான் தொழிற்பேட்டையில்
டயர் கடைக்கும் கரக் சாயாக் கடைக்கும் நடுவே
எங்கள் டைப்பிங் சென்டர்.
ஆகஸ்டில் ஏசி சொட்டும்.
பிரிண்டர் மட்டும் வறண்டு போகும்.

"ஜெர்லின், ஒரிஜினலா பாத்து வாங்கு"
என்று நூற்றைம்பது திர்ஹம் வைத்தார் முதலாளி ஷம்சீர்.

இரவு பதினொன்றுக்கு
மேல்கட்டிலில் மல்லாந்து தேடினேன்.
நூற்று நாற்பத்திரண்டு.
நூற்று முப்பத்தொன்பது.
முப்பத்தெட்டு.
விரல் அங்கேயே நின்றுவிட்டது.
மிச்சப் பணம் யாருடையது என்று
நான் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்.

நானூறு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.
நானூறு பேரும் ஒரே செவ்வாய்க்கிழமை,
ஒரே எழுத்துப்பிழையோடு.
இதைப் பிறகுதான் பார்த்தேன்.

பெட்டி வந்தது. பளபளவென்று இருந்தது.
பொருத்தினேன். பிரிண்டர் முனகியது, ஒத்துக்கொண்டது.
முதல் ஆள் தவசிமுத்து,
வெல்டர், விசா முடித்து ஊருக்குப் போகிறவர்.
பாஸ்போர்ட்டுக்குக் கலர் நகல் கேட்டார்.

மஞ்சள் வரவில்லை.
முகம் நீலம், உதடு ஊதா,
கிணற்றில் கிடந்து எடுத்த மாதிரி.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்
"யக்கா, நான் செத்துட்டனா?" என்றார்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

விற்றவனுக்கு எழுதினேன்.
சீல் உடைத்ததைத் திரும்ப எடுப்பதில்லையாம்.
உடைக்காமல் மையின் குணத்தை
முகர்ந்தா பார்ப்பது?
அவனுக்கு முகவரி இல்லை, தொலைபேசி இல்லை,
ராஜா என்று முடிகிற பெயர் மட்டும் இருந்தது.

மறுநாள் ஒரு குறுஞ்செய்தி:
பணம் திரும்பத் தயார், கார்டு விவரம் தருக.
தந்துகொண்டே போனேன்.
பின்பக்க மூன்று எண்களில் இரண்டைத் தட்டியாயிற்று.
மூன்றாவதில் விரல் வியர்த்து வழுக்கியது.
என் புத்தி இல்லை,
அந்த வியர்வைதான் காப்பாற்றியது.

பிறகு தரையில் குப்புறப் படுத்து
போன் வெளிச்சத்தில்
பிரிண்டரின் வயிற்றில் இருந்த எண்ணைப் படித்தேன்.
கடைசியில் ஒற்றை எழுத்து, ஏ.
இத்தனை மாதம் அதை நான் மதித்ததே இல்லை.

இந்த முறை தேராவில் கடை உள்ள ஆள்.
லேண்ட்லைன் இருந்தது, அழைத்தேன்.
எடுத்த பிலிப்பினோப் பெண் முதலில் தும்மினாள்.
தும்முகிற கடையை நம்பலாம் என்று பட்டது.
உத்தரவாதம் எத்தனை மாதம் என்று கேட்டேன்,
காலாவதித் தேதி கேட்டேன்,
கையில் கொடுத்தபின் பணம் என்றேன்.
எல்லாவற்றுக்கும் சலிப்போடு ஆமாம் சொன்னாள்.
அந்தச் சலிப்பும் எனக்குப் பிடித்திருந்தது.

கொண்டுவந்த இம்தியாஸ் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"பிரித்துப் பார்த்துத்தான் காசு" என்றேன்.
நேரம் போனால் தன் காசு போகும் என்றான்.
குளிர்ந்த தண்ணீர் கொடுத்தேன்.
ஹோலோகிராமை வெயிலில் சாய்த்தேன்.
ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் செம்பு.
அவனும் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
"அச்சா?" என்றான்.
"அச்சா" என்றேன்.

மாலை தவசிமுத்து வந்தார்.
இம்முறை மஞ்சள் வந்தது.
"கறுப்பாத்தான் இருக்கேன்" என்றார் திருப்தியாக.
பெட்டியின் வில்லையை எடுத்து
விளக்கில் சாய்த்து, நிமிர்த்தி, சாய்த்து,
"ஏஜென்ட் தந்த பேப்பரும் மின்னிச்சுக்கா.
நாந்தான் சாய்க்கலை."
வேறொன்றும் சொல்லவில்லை.
நீலப் படத்தையும் கேட்டு வாங்கி
மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
வீட்டில் எதைக் காட்டுவாரோ.

இரண்டு கார்ட்ரிட்ஜுக்கு நூற்றெண்பது.
என் கையிலிருந்து முப்பது.
ஷம்சீரிடம் இன்னும் சொல்லவில்லை.
பிரிண்டர் மூடியில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன்:
முழு எண், கடைசி எழுத்தோடு.
அதன் கீழே, எனக்கு மட்டும் புரிகிற மாதிரி,
38.