நானூறு நூல்

அங்குலத்துக்கு நானூறு நூல், பார்த்துத் துவை
என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்,
துய்மா வீதிப் பக்கம் ஏழு விடுதிகள்,
சின்ன வீராம்பட்டினத்தில் இரண்டு ரிசார்ட்.
எட்டாம் வகுப்போடு நின்றவன் நான்.
நானூறு நூலையும்
நாள் தவறாமல் புரட்டுகிறேன்.

திங்கட்கிழமைதான் கனம்.
பெங்களூர் கார்கள் கிளம்பிப் போனபின்
மஞ்சள் சுவருக்குப் பின்பக்கம்,
ஜெனரேட்டரும் காலி சிலிண்டரும் நிற்கிற சந்தில்
டாடா ஏஸை ஒட்டி நிறுத்துவேன்.
முன்வாசல் காகிதப்பூவோடு
படம் எடுத்துக்கொண்டவர்கள்
இந்தப் பக்கம் வந்ததில்லை.
அந்தப் பூ உதிர்வது இங்கேதான்.

அறைகளுக்கு எண் கிடையாது.
ஏலம், கிராம்பு, மிளகு, சாதிக்காய்.
ஜெனோவா சீட்டு எழுதித் தருவாள்:
'ஏலம் 2, கிராம்பு 4, மிளகு 1 (கறை).'
சட்டைப் பையில் அதைப் பார்த்துவிட்டு
யார் வீட்டில் பிரியாணி என்றாள் பிலோமினா.

கறை என்னிடம் பேசும்.
மருதாணி என்றால் புதுசு.
சிவப்பு ஒயின் என்றால்
இரண்டு இரவு ஊற வேண்டும்.
தலையணையின் ஒரு ஓரத்தில் மட்டும் கண்மை;
அதே அறையின் இன்னொரு தலையணை
மடிப்புக் கலையாமல் திரும்பியிருக்கும்.
அந்த உறையை மட்டும் தனியாகத் துவைப்பேன்.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
ரேட் ஒன்றுதான்.

அப்புறம் மணல்.
எங்கள் ஊர்க் கரையில் மணல் போய்
கல் வந்து வெகுகாலம்.
துறைமுகத்தைச் சொல்வார்கள், அரசாங்கத்தைச் சொல்வார்கள்.
கறுப்புப் பாறையில் உட்கார்ந்து அலை பார்த்தவர்கள்
கால் நனைக்கத் தெற்கே போகிறார்கள்.
விரலிடுக்கில் கொஞ்சம்
எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள், தெரியாமலே.
முதலியார்பேட்டைக் கொட்டகையில்
விரிப்பை உதறினால் விழும்.
பெயிண்ட் வாளியில் கூட்டி வைக்கிறேன்.
தை முதல் பங்குனிவரை ஒன்றரை வாளி.
காணாமல் போன கடற்கரை
என்னிடம் இருக்கிறதென்று
நகராட்சிக்கு ஒரு மனு போடலாம்.

போன கார்த்திகையில் புயல்.
எங்கே கரையேறும் என்று
ரேடியோவுக்கே தெரியவில்லை.
அறைகள் எல்லாம் ரத்து.
துவைத்த மூட்டையை இறக்கி முடிக்கும்போது
தெருவில் முழங்கால் தண்ணீர்.
வண்டி இரண்டு தரம் இருமி
நின்றுவிட்டது.
'இந்த மழையில எங்க போவீங்க, அண்ணே?'
கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினாள் ஜெனோவா.
'சாதிக்காய் காலிதான்.
ஓனர் காதுக்குப் போக வேணாம்.'

பதினோராயிரம் ரூபாய் அறை.
உத்தரம் பர்மாத் தேக்கு.
எங்கள் வீடு முழுசும்
குளியலறைக்குள் அடங்கும்.
ஒரு ஆணி கிடையாது, கொடி கிடையாது.
ஈரக் கைலியைக் கையில் பிடித்தபடி
அரைமணி நேரம் நின்றிருப்பேன்.
அப்புறம் படுத்தேன்.
கடல் வந்து வந்து
பாறையில் முதுகு தேய்க்கும் சத்தம்.

விரிப்பில் என் கஞ்சியின் வாசனை.
என் நீலம்.
விரல் தானாக ஓரத்துக்குப் போனது:
சிவப்பு நூலில் மூன்று புள்ளி,
நான் போட்ட குறி.
இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் விரித்ததில்
முதல் தரம் என் முதுகு.
தூங்கியிருக்கலாம்தான்.
ஆனால் புரண்டால் கசங்கும்,
கசங்கினால் தேய்க்கிறவன் நான்.
செத்தவன் மாதிரி நேராகக் கிடந்து
காற்றில் கதவுகள் அடித்துக்கொள்வதை
எண்ணிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் நானே உருவினேன்.
மற்ற அறைகளுக்குப் போல இதற்கும்
ஜெனோவா சீட்டு எழுதினாள்.
'சாதிக்காய் 1.'
பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.
கறை இல்லை என்றேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து
கொட்டகைக்குக் கொண்டுபோய் உதறினேன்.
மணலும் இல்லை.
ஒரே ஒரு நரைமுடி.
கீழே போட மனம் வராமல்
வாளியில் போட்டேன்.