கூட்டக் குறிப்பு

பிராண்டன் நகர்மன்றம். பிப்ரவரி, திங்கள் மாலை.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கிர்கிஸ்தானிலிருந்து வந்த ஆறு ஆசிரியர்கள்
கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்வரிசையில்.
ஜனநாயகத்தை நேரில் பார்த்து வரச்சொல்லி
யாரோ அனுப்பியிருந்தார்கள்.

நாங்கள் காட்டியது
ஒரு சாக்கடைக் குழாய், ஐம்பது நிமிடம்.
அப்புறம் நாய் உரிமக் கட்டணம், இரண்டு டாலர் ஏற்றம்.
மொழிபெயர்ப்பாளருக்கே கொட்டாவி வந்தது.

பிறகு ஆர்வில் ஸ்டெஃபன்சன் எழுந்தார்.
அவர் தெருவில் மூன்று வாரமாய்ப் பனி அள்ளவில்லை.
மேயருக்குக் கண் இல்லை, வெட்கம் இல்லை,
உட்கார்ந்திருக்கும் குஷனுக்குள்ள அறிவும் இல்லை.
பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு.
'நன்றி, திரு. ஸ்டெஃபன்சன். அடுத்து?'
நான் தட்டினேன்:
குடிமகன் ஒருவர் பனி அகற்றல் குறித்துப் பேசினார்.

இடைவேளையில் பெர்மெத் என் மேசைக்கு வந்தார்.
நரீனில் 'மனிதனும் சமூகமும்' பாடம் நடத்துகிறவர்.
அரசியல் சட்டம் வரும் பக்கத்தில் மட்டும்
புதுத் தாள் ஒட்டித் தருவார்களாம்,
பசை காய்வதற்குள் அடுத்தது வந்துவிடுமாம்.

'நாளை அவருக்கு என்ன ஆகும்?'
'யாருக்கு?'
'கத்தினாரே, அவருக்கு.'
'நாளையும் அவர் தெருவில் பனி இருக்கும்.'
அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

'நீங்கள் இங்கே பேசியதுண்டா?'
பதினொரு வருடமாய் எல்லார் பேச்சையும் எழுதுகிறேன்.
'நான் ஊழியர்' என்றேன்.
'நானும் இப்படித்தான் சொல்வேன்,
ஆசிரியை என்று.'

பேச விரும்புவோர் நிரப்பும் படிவம்
முப்பத்தொன்று வேண்டும், வகுப்பில் அத்தனை பேர்.
பள்ளிக் கழிப்பறைக்குக் கதவில்லை,
அதிலிருந்து தொடங்கலாம் என்றார்.
நகல் இயந்திரம் சூடேறும் நேரத்தில்
ஒன்றை எடுத்துப் படித்தார்.
முதல் கட்டத்திலேயே விரல் நின்றது.
பெயர்.
'இது இல்லாமல் இருக்குமா?'

இல்லை. அலமாரியிலும் தேடினேன்.
கடைசியில் வெள்ளைத் தாளில் ஒரு துண்டு வெட்டி
அந்தக் கட்டத்தின்மேல் நானே ஒட்டினேன்.
கண்ணாடிக்கடியில் வெளிச்சம்
முப்பத்தொரு முறை போய் வந்தது.
ஒவ்வொரு பிரதியிலும் துண்டின் விளிம்பு
மெல்லிய சாம்பல் கோடாய் விழுந்திருந்தது.
அதை இருவருமே பார்த்தோம்.

அடுத்த கூட்டத்தில் குறிப்பு வாசிக்கப்பட்டது.
பார்வையாளர்: கிர்கிஸ்தான், அறுவர்.
கேள்விகள்: இல்லை.
திருத்தம் உண்டா என்றார் மேயர்.
என் விரல்கள் விசைப்பலகையில் காத்திருந்தன.
ஒருமனதாக ஏற்கப்பட்டது.