கவுனிக்கு உப்பா

பயிற்சி என்று சிகப்பி பெங்களூர் போன
இரண்டாம் நாள் ராத்திரி
உமையாள் தட்டைத் தள்ளிவிட்டாள்.
"முக்கோணச் சோறு வேணும் அப்பச்சி.
கார்ட்டூன்ல அந்தப் பையன் கையில வச்சிருப்பான்ல,
கறுப்புக் காகிதம் சுத்தி."
சொக்குவுக்கும் அதேதான் வேண்டும்.
அது என்னவென்று அவனுக்குத் தெரியாது.

நான் காரைக்குடியில் டயர் கடை நடத்துகிறவன்.
பஞ்சர் ஒட்டுவேன்.
சோறு ஒட்ட வராது.

பொன்னியைக் குழையவிட்டுப் பிடித்தேன்.
ஒரு மூலை நின்றால்
இன்னொரு மூலை தட்டில் விழுந்தது.
பருக்கை பருக்கையாய் உதிர்வதுதான்
நல்ல சோற்றுக்கு அழகென்று
பந்திக்குப் பந்தி சொல்லிக்கொண்டிருக்கிற ஊர்.
நானும் சொல்லியிருக்கிறேன், வாய் நிறைய.

கறுப்புக் காகிதம் என்பது கடல்பாசியாம்.
செக்காலை ரோட்டில் கேட்டேன்.
கடைக்காரர் யோசிக்காமல்
ஒரு பொட்டலம் எடுத்துப் போட்டார்.
வெள்ளை நார்.
காய்ச்சி ஆறவைத்தால் ஜெல்லி.
அதையும் தின்றார்கள், அது தனிக் கதை.

மறுநாள்தான் கவுனி ஞாபகம் வந்தது.
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வாங்கி
டப்பாவின் அடியில் மிஞ்சிய ஒன்றரை உழக்கு.
ராத்திரியே ஊறப்போட்டு
காலையில் கடை ஷட்டரைத் தூக்காமல்
குக்கர் முன்னால் நின்று
ஏழு விசில் எண்ணினேன்.
மூடியைத் திறந்தால்
மழை நின்ற தார்ரோடு மாதிரி
பளபளவென்று ஊதாக் கறுப்பு.
கரண்டி போட்டால் கரண்டியை விடவில்லை.

வீடியோவில் சிகப்பி:
"என்ன அது, கையில?"
"உப்பு."
"கவுனிக்கு உப்பா!"
சீனி, தேங்காய்ப்பூ, நெய்.
இவை மூன்றைத் தவிர
அந்த அரிசியிடம் யாரும் எதுவும் பேசியதில்லை எங்கள் பக்கம்.
அவள் போனைத் திருப்பி
அறைத்தோழிக்குக் காட்டிச் சிரித்தாள்.
நான் போட்டுவிட்டேன்.

சூறைமீனை வேகவைத்து, முள் பார்த்து, உதிர்த்து
எள்ளை வறுத்துத் தூவி
முக்கில் ஃப்ரைட் ரைஸ் போடும் ரபீக்கிடம் வாங்கிய
சோயா சாஸ் நாலு சொட்டு.
மிளகாய் இல்லை. சோம்பு இல்லை.
அஞ்சறைப்பெட்டி மூடியபடியே
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
உப்புத்தண்ணீரில் கை நனைத்து
உள்ளே மீன் வைத்துப் பிடித்தேன்.
முதலாவது சமோசா மாதிரி.
இரண்டாவது, லாரிச் சக்கரத்துக்கு
அண்டை கொடுக்கும் கட்டை மாதிரி.
ஐந்தாவது முக்கோணம்தான்,
சத்தியமாக.

சோறே கறுப்பு.
அதற்கு எதற்குக் கறுப்புக் காகிதம்?
முட்டையை மெல்லிசாக ஊற்றி
மஞ்சள் பட்டை வெட்டிச் சுற்றினேன்.

உமையாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"கலர் மாறிப்போச்சு அப்பச்சி.
உள்ள கறுப்பு, வெளிய வெள்ளையா வரணும்...
இல்ல, வெளிய..."
அவள் கணக்கு முடிவதற்குள்
சொக்கு இரண்டு தின்றுவிட்டு
நாக்கை நீட்டினான்.
ஊதா.
அவ்வளவுதான். அவளுக்கும் நாக்கு ஊதாவாக வேண்டும்.
கண்ணாடி முன் நின்று தின்றாள், மூன்று.

வெள்ளிக்கிழமை வேறு கேள்வி.
"உருண்டை. உள்ள ஆக்டோபஸ்."
பணியாரக் கல்லை இறக்கினேன்.
"அதுக்கு எட்டுக் கால்.
இதுல ஏழு குழிதான இருக்கு" என்றாள்.
பதில் தெரியாமல்
தொண்டி இறாலை நறுக்கிப் போட்டேன்,
கோதுமை மாவு, முட்டைக்கோஸ்.
குச்சியால் திருப்பும் வேலை சொக்குவுக்கு.
ஏழில் நாலு உருண்டை.
மீதி மூன்றுக்குப் பெயர் வைக்கவில்லை,
ருசி ஒன்றுதான்.

ஞாயிறு காலை சிகப்பி வந்து
பையை வைத்த கையோடு அடுக்களைக்குள் போனாள்.
காலியான கவுனி டப்பாவைப் பார்த்தாள்.
சுவரில் சொக்குவின் உயரத்தில்
ஒட்டிக் காய்ந்த ஊதாப் பருக்கையைப் பார்த்தாள்.
தட்டில் இருந்த கடைசி முக்கோணத்தை
ஒரு கடி கடித்து, மென்று,
ஒன்றும் சொல்லாமல்
மிளகுப்பொடிக்குக் கை நீட்டினாள்.

"தொடாதே!"
இரண்டு குரல்.
இல்லை, மூன்று.