எட்டு அங்குலம்

ஹட்டன் கடைத்தெருவை மழை பிடித்துக்கொண்ட மூன்று மணி.
ரிஸ்மி என் கணவரைப் பார்த்துத்தான் கேட்டார்,
"எத்தன வாட்ஸ் வேணும் அண்ணே?"
மோகனதாஸ் என்னைப் பார்த்தார்.
அவருக்குப் பாட்டு என்றால் பஸ்ஸில் வருவது.
அம்ப்பும் இரண்டு ஸ்பீக்கரும்
நான் சீட்டுக் கட்டி எடுத்தவை.
பாக்கி, ஒரு சப்வூஃபர்.

முதலில் பன்னிரண்டு அங்குலத்தைப் போட்டார்.
ஒரு கட்டடம் இடிந்தது,
அதன் மேல் ஹெலிகொப்டர்.
கண்ணாடி அலுமாரிக்குள் ரிமோட்டுகள் நடுங்கின.
மழைக்கு ஒதுங்கிய பையன்கள் வாசலில் வாய் பிளந்தார்கள்.
"எப்பிடி மிஸ்?"
எங்கள் வீட்டில் ஹெலிகொப்டர் இறங்க இடமில்லை என்றேன்.

கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன்.
பழைய பாட்டு ஒன்று. இரண்டாம் சரணத்துக்கு முன்
எல்லா வாத்தியமும் வாய் மூட
பேஸ் கிட்டார் மட்டும் நாலு படி இறங்கி
ஐந்தாவதில் கால் வைக்காமல்
நிற்கும்.
அந்த நிற்றலுக்குத்தான் காசு கொடுக்க வந்தேன்.

பன்னிரண்டு நிற்கவில்லை.
ஐந்தாம் படி, ஆறாம் படி என்று உருண்டு
வடிகானில் போய் விழுந்தது.
பத்து, யோசித்து யோசித்து நின்றது.
எட்டு, துளையில்லாத மூடிய பெட்டி,
விலைச்சீட்டில் தூசி.
அது நின்றது,
கொட்டகலைச் சரிவில் கை பிரேக் போட்ட லொறி போல.

"அதுல அதிர்வு காணாது மிஸ்,
ஆக்கள் எடுக்கிறது பன்னெண்டுதான்."
"குடுக்கிற காசுக்குப் பெரிசா எடேன்" என்றார் இவரும்.
ஒன்றைத் திருப்பித் தருவதாகப் பேசி
இரண்டையும் ஏற்றினோம்.

ஒன்பதாம் வகுப்புக்கு அலைநீளம் படிப்பிக்கிறவள் நான்.
நாற்பது ஹேர்ட்ஸ் அலை ஒன்று
முழுதாய் நீட்டிப் படுக்க இருபத்தெட்டு அடி வேண்டும்.
எங்கள் காம்பரா பன்னிரண்டு.
மிச்சம் எங்கே போகும்?
சந்தனமேரி வீட்டுக்கு.

இடம் பார்க்க ஒரு வழி உண்டு.
நாம் உட்காரும் கதிரையில் பெட்டியை உட்கார்த்திவிட்டு
நாம் தரையில் தவழ வேண்டும்.
எந்த மூலையில் காதுக்குச் சரியாகிறதோ
அதுதான் பெட்டிக்கு இடம்.
அரிசி வாளிக்குப் பின்னால்
சீமெந்தில் காதை வைத்து நான் கிடந்தபோது
வாசலில் சந்தனமேரி:
"என்னத்தத் தொலைச்ச?"
"அஞ்சாம் படி."

விளக்கிச் சொன்னேன். சிரிக்கவில்லை.
"கடைசி வீட்டுப் பொடியன் போன மாசம் ஒண்ணு வச்சான்ல,
பாட்டு அவனுக்கு, உறுமல் எங்களுக்கு.
என்ன பாட்டுன்னே தெரியாம
ரா முழுக்க முழிச்சுக் கெடந்தேன்."
அரிசி வாளி மூலை அவள் சுவர்.
நல்ல இடமும் அதுதான்,
வேறு இடமில்லை.

அவளே போய் அந்தப் பக்கம் நின்றாள்.
ஒரு தட்டு என்றால் போதும்,
இரண்டு என்றால் குறை.
பன்னிரண்டுக்கு இரண்டு தட்டு,
பிறகும் இரண்டு,
பிறகு எண்ண முடியவில்லை, அவளுடைய தட்டங்களும் சேர்ந்து தட்டின.
எட்டைப் போட்டேன்.
சத்தமே இல்லை அந்தப் பக்கம்.
நாலு படி. நிற்றல்.
சரணம் தொடங்கி முடிந்தும் போயிற்று.
சுவர் வழியாக ஒரு குரல்:
"அந்த எறங்குற எடம் இன்னொருக்கா வை.
கொஞ்சம் கூட்டு."

திங்கட்கிழமை பஸ்ஸில்
மோகனதாஸின் மடியில் பன்னிரண்டு ஹட்டனுக்குத் திரும்பியது,
கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம்.

இப்போது ஒரே ஒரு குறை.
மூன்றாம் படியில் மட்டும்
கூரைத் தகரத்தில் ஏதோ ஓர் ஆணி
கூடவே பாடுகிறது.
எங்கள் பக்கமா அவள் பக்கமா தெரியவில்லை.
ஞாயிற்றுக்கிழமைக்கு ஏணி சொல்லி வைத்திருக்கிறேன்.