பரிமாறும் சன்னல்

இந்தச் சங்கத்தின் சரித்திரத்தை
நான் ஒரு சன்னல் வழியாகத்தான் கற்றேன்.
இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம்.
சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே
தட்டு போகவும் தட்டு வரவும் வெட்டியது.

குறிப்பேடு சொல்வது வேறு.
1934, மார்ச். ஏரி இன்னும் உருகவில்லை.
ஹல்டோரின் குதிரைக் கொட்டகையில் ஒன்பது ஆண்கள்,
தலைக்கு இருபத்தைந்து காசு.
நோக்கம்: 'ஊருக்கு ஆனதைச் செய்வது.'
அதற்கு மேல் எழுத விடாமல்
மை உறைந்துவிட்டதாம்.

முதலில் வாங்கியது ஒரு பிண வண்டி.
சிரிக்காதீர்கள்.
வினிபெக்கில் எவனோ மலிவாகத் தள்ளிவிட்டதைக்
கறுப்புக்கு மேல் வெள்ளை பூசி
ஆம்புலன்ஸ் என்றார்கள்.
வெயில் ஏறினால் வெள்ளை உரிந்து
கறுப்பு எட்டிப் பார்க்கும்.
பதினோரு கர்ப்பிணிகள் அதில் போனார்கள்,
கண்ணை இறுக மூடிக்கொண்டு.
பத்துப் பேர் பிள்ளையோடு திரும்பினார்கள்.
அந்த வாரக் குறிப்பில் ஒரே வரி:
'வண்டிக்கு உடனே மறுபடி சாயம் பூச வேண்டும்.'

பிறகு சறுக்கு மைதானம்.
பிறகு, 1951இல், சக்கர நாற்காலி ஒன்று.
அதற்கென்று தனி ஏடு:
பெயர், கொண்டுபோன தேதி, திருப்பிய தேதி.
திருப்பிய தேதிக்கு எதிரே
கொண்டுபோனவர் கையெழுத்து இருப்பது அபூர்வம்.

தாமதமாக வந்தால் ஐந்து காசு அபராதம்.
ஒலெக்சா எல்லாக் கூட்டத்துக்கும் தாமதம்.
வண்டியை வாசலில் நிறுத்தி
உள்ளேயே உட்கார்ந்திருப்பான், மணி அடிக்கும்வரை.
யாரும் நன்றி சொல்ல முடியாதபடி
அவன் கண்டுபிடித்த நன்கொடை அது.

எங்களுக்கு நன்றி தவறியதே இல்லை.
'உணவு அருமை. பெண்மணிகளுக்கு நன்றி.'
ஐம்பத்தைந்து வருடம், கூட்டத்துக்கு ஒரு முறை.
விக்லுண்ட் அதற்கு ரப்பர் முத்திரையே
செய்து வைத்திருந்தார்.

நான் உருளைக்கிழங்கு உரிக்க வந்தது 1969இல்.
ஐந்தாவது வசந்தத்தில் ஆறு கரை மீறியது.
முனையில் குடியிருந்த மேத்தி குடும்பங்களுக்கு
அடுப்பெண்ணெய் தருவதா என்று விவாதம்.
'அவர்கள் நம் ஊர் எல்லைக்குள் இல்லையே'
என்றது ஒரு நல்ல குரல், மெதுவாக.
ஐந்து கை வேண்டாம் என்றது. நான்கு, தரலாம்.

ஸ்டெஃபானியா கையைத் துடைத்தாள்.
சன்னல் கதவை இழுத்துத் தாழிட்டாள்.
உள்ளே எட்டு ருபார்ப் பை ஆவி பறக்க.
வெளியே கரண்டிகள் காத்திருந்தன.
யாரோ தட்டினார்கள். யாரோ இருமினார்கள்.
நாங்கள் அடுப்பங்கரையில் நின்றபடியே
ஒரு பையைத் தின்று முடித்தோம்.

ஏட்டில் இப்படி இருக்கிறது:
'மறுபரிசீலனைக்குப் பின் ஏகமனதாக நிறைவேறியது.
உணவு அருமை. பெண்மணிகளுக்கு நன்றி.'

1989இல் பெண்களைச் சேர்க்க வாக்கெடுப்பு.
எட்டுக்கு மூன்று.
காபி ஊற்றிக்கொண்டே எண்ணினேன்;
எதிர்த்த மூன்றில் என் கணவர் கையும் ஒன்று.
பனியில் பேசாமல் வீட்டுக்கு நடந்தோம்.
அடுத்த கூட்டத்தன்று அவர்
கத்தியும் வாளியுமாகச் சமையலறைக்கு வந்தார்.
தோலோடு பாதிக் கிழங்கும் போனது.
நான் எதுவும் சொல்லவில்லை.

இப்போது நான்கு பேர்.
விதிப்படி ஏழு இல்லாமல்
கலைக்கக்கூடத் தீர்மானம் போட முடியாது.
ஆகவே இது கூட்டமல்ல;
நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவே.

கையிருப்பு: 212 டாலர் 40 காசு.
நாற்காலி: வாசிலின் மகளிடம். திருப்பிய தேதி காலி.
கடைசிப் பக்கத்தில் இடம் மிச்சமிருந்ததால்
எழுதுகிறேன்:
ஸ்டெஃபானியா. குத்ருன். நெட்டி கிளாசன்.
இரண்டு மில்டாக்கள்.
மாவு பிசைய மட்டும் வரும் அந்த உயரமானவள்,
பெயர் ஞாபகமில்லை, மன்னிக்கவும்.

முத்திரையைத் தேடினேன், கிடைத்தது.
மை காய்ந்திருந்தது.
உணவு: கடையில் வாங்கிய சாண்ட்விச்.
சுமார்தான்.