முந்திரிகை

என்ன தின்றது, எவ்வளவு, நாய் எத்தனை கிலோ
என்று கேட்டது தொலைபேசியில் ஒரு பெண்குரல்.
பாதிச் சட்டி கேசரி என்றேன்.
பதினோரு கிலோ. திருடித் தின்றுவிட்டது.
அதில் என்ன போட்டாய் என்று உள்ளே கத்தினேன்.
'முந்திரிகைதான்' என்றாள் வதனி
குளியலறையில் தலை துவட்டியபடி.

கடைசி எழுத்தை என் காது விழுங்கியது.

கேஷ்யூ என்று ஜெர்மனில் சொன்னேன்.
அப்படியென்றால் பயமில்லை,
வயிறு கொஞ்சம் ஊதும், தண்ணீர் வையுங்கள்,
நல்லிரவு என்றது குரல்.

பட்டுக்கோட்டைக்காரனுக்கு முந்திரி
மணல்மேட்டு மரம். சுடும்போது பால் தெறிக்கும்.
கரவெட்டிக்காரிக்கு அது கஜு.
அவள் ஊரில் முந்திரிகை
பந்தலில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும்,
வற்றினால் வத்தல்.
கடைச்சீட்டில் அதையே பிளம்ஸ் என்று எழுதுவாள்.
முதல் வருடம் அதை நம்பி
ஒரு கிலோ நீலப் பழம் வாங்கிவந்து ஏச்சு வாங்கினேன்.
அத்தோடு எங்கள் சொற்கணக்கு
தீர்ந்துவிட்டதென்று எட்டு வருடமாய் நினைப்பு.

பத்தரை மணிக்குச் சட்டியைக் கழுவப் போனேன்.
அடியில் ஒன்று ஒட்டியிருந்தது,
நெய்யில் உப்பி, கறுத்து.

வதனி!

'கஜு முடிஞ்சுது எண்டு
வெள்ளிக்கிழமையே சொன்னனான் எல்லே.'

பக்கத்து வீட்டு யோர்க் பைஜாமாவோடு கார் எடுத்தார்.
வின்டர்தூர் முழுக்கப் பனி, எல்லா விளக்கும் சிவப்பு.
பின்சீட்டில் தொதல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.
கார் என்றால் அதற்குக் காடு.

'வீபேரி?' என்றார் டாக்டர் எஷ்லிமான் தன் ஊர்ப் பேச்சில்.
இன்னொரு கொடி.
ஆமாம் என்று இருவரும் தலையாட்டினோம்.

ஊசி போட்டார்.
தொதல் எங்களை ஒருமுறை பார்த்தது,
அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை,
பிறகு எஃகுத் தட்டு நிறைய மஞ்சளாய்க் கக்கியது.
மருந்து வாசத்துக்கு மேலே
ஏலக்காய் மணத்தது அந்த அறை.

இடுக்கியால் ஒவ்வொன்றாய் ஒதுக்கி எண்ணினார். பதினான்கு.
போட்டது எத்தனை?
'ஒரு சிறங்கை' என்றாள் வதனி.
ஒரு கை அளவு என்று மொழிபெயர்த்தேன்.
யார் கை என்று கேட்டார் டாக்டர்.
அவள் குழித்து நீட்டினாள்.
இரண்டு பெண்களும் அந்த வெற்றுக் குழியை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை தின்றால் ஆபத்து?
தெரியாது என்றார். யாருக்குமே.
ஒரு நாய் ஒரு பொட்டலத்தைத் தின்றுவிட்டு உறங்கும்.
இன்னொன்றுக்கு நாலைந்து போதும், சிறுநீரகம் நின்றுவிடும்.
இரவு இங்கேயே இருக்கட்டும்.

காத்திருப்பு பெஞ்சில்
சுவரிலிருந்த அட்டையைப் படித்தாள்.
சாக்லேட். சீனியில்லாச் சூயிங்கம்.
வெங்காயம். உள்ளி.
உள்ளி என்றால் எது என்று நான் கேட்கவில்லை,
எந்த ஊர் உள்ளியும் அதற்கு ஆகாது.
'அப்ப என்ர அடுப்படியில
ஆகிறது எண்டு ஒண்டும் இல்லையோ?'

சோறு இருக்கிறது என்றேன். வெறும் சோறு.

அப்போது சொல்லியிருக்கலாம்.
திருடவில்லை அது.
மேசைக்குக் கீழிருந்து பார்த்தது,
நக்கட்டும் என்று சட்டியைத் தரையில் வைத்தவன் நான்.
ஆசையாய்த்தான் வைத்தேன்.
சொன்னது புதன்கிழமை,
ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்ன பிறகு.
அவள் ஏசவில்லை. அது இன்னும் மோசம்.

குளிர்பெட்டிக் கதவில் இப்போது ஒரு தாள்.
முந்திரிகை என்று எழுதி, பக்கத்திலேயே
கொத்தாய் ஒரு கொடி வரைந்திருக்கிறாள், எனக்காக.
இலைக்குப் பச்சைகூட அடித்திருக்கிறாள்.

இன்று அடை. வெங்காயம் போட்டது.
முழங்காலில் தாடையை வைத்துத் தொதல் பார்க்கிறது.
இல்லை என்று
வெறும் கையை விரித்துக் காட்டினேன்.
அதையும் ஒருமுறை நக்கிப் பார்த்தது.