நகச் சோதனை

ஐந்தரை மணிக்கு மூஞ்சிக்கல் தாண்டும்போது
மஞ்சு என் வண்டியின் விளக்கைத் தின்றுகொண்டிருந்தது.
அறுப்புக்கூடத்துக்கு எனக்கு முன்பே அவன் வந்துவிட்டான்.
வட்டக்கானலில் அறையெடுத்துக் கிடக்கும்
தன் நாட்டுப் பிள்ளைகளின் பண்டிகை வாரத்துக்கு
வேதம் ஒப்பும் இறைச்சி அறுத்துத் தர
எங்கிருந்தோ வரவழைக்கப்பட்டவன்.
பெயர் எல்காணா. முப்பது இருக்காது.
தாடியில் பனித்துளி.

துணி விரித்துக் கத்தியை எடுத்தான்.
முனை கிடையாது, சதுரமாக முடிகிற கத்தி,
மாட்டுக் கழுத்துக்கு இரண்டு மடங்கு நீளம்.
நகத்தின் மேல் அதன் வாயை வைத்து
மெல்ல இழுத்தான், திருப்பி இழுத்தான்,
கண்ணை மூடிக்கொண்டு.
மயிரிழை அளவு எங்கோ தட்டியிருக்க வேண்டும்.
தலையை ஆட்டிவிட்டுக் கல்லுக்குப் போனான்.
மறுபடி நகம். மறுபடி கல்.
நாற்பது நிமிடம்.
இரும்புக்கு இப்படிக் காது கொடுத்த ஆளை
இருபது வருட வேலையில் நான் பார்த்ததில்லை.

அந்த நாற்பது நிமிடமும்
எருது ஈரச் சிமெண்டில் நின்றது.
பூம்பாறைப் பூண்டுக் காட்டில் உழுத செவலை,
இடக்கொம்பு மழுங்கல்.
பத்து வயதுக்கு மேல், உழவுக்கு உதவாது என்று
முந்தின நாள் கையெழுத்துப் போட்டவள் நான்.
பல் தேய்மானம் எட்டு என்றது, போனால் ஒன்பது.
குளம்பில் புண் இருந்தது, அது மட்டும் நிஜம்.

வலிக்காது மேடம் என்றான்,
ஆங்கிலத்தில் பாதி, கையால் பாதி.
வாயில் பிசிறு இல்லையென்றால்
அறுபட்டதே அதற்குத் தெரியாதாம்.
தலைமுறை தலைமுறையாகத் தீட்டிய இரக்கமாம்.
நான் மறுக்கவில்லை.
என் அலுவலக அலமாரியில்
மாட்டை மயக்கும் துப்பாக்கி ஒன்று
எண்ணெய்த் துணிக்குள் கிடக்கிறது,
தோட்டாவுக்கு நிதி வராமல் ஆறு வருடம்.
வந்தாலும் அவன் வேதம் ஏற்காது,
காசிம் ராவுத்தரும் வேண்டாமென்பார்.

கத்தியைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது.
கயிற்றைப் பற்றி நான் சொல்கிறேன்.
முன்னங்கால் இரண்டையும் ஒரு பின்னங்காலையும் சேர்த்து
ஜெபமாலை ராஜும் அவன் மச்சானும்
இழுத்த இழுப்பில்
நானூறு கிலோ விலாவோடு விழுந்தது.
தகரக் கூரை அதிர்ந்தது.
எல்காணா கத்தியை நெஞ்சோடு அணைத்தபடி
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.
அது அவனுடைய பகுதி இல்லை.

உதடு அசைந்தது, ஏதோ துதி.
ஒரு போக்கு. ஒரு வரவு.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
பத்தாவது நொடியில் மண்டியிட்டுக்
கருவிழியை விரல்நுனியால் தொட்டேன்.
இமை மூடித் திறந்தது.
பதினேழில் தொட்டேன். மூடியது, திறக்க நேரமெடுத்தது.
இருபத்தாறில்
சோடா பாட்டில் கோலியைத் தொட்டதுபோல் இருந்தது.
நகராட்சிப் பதிவேட்டில் இதற்குப் பத்தி இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் நெஞ்சைப் பிளந்து
நுரையீரலை எடுத்து, ஊதி,
வாளித் தண்ணீரில் அமிழ்த்தினான்.
இடப்புறம் ஒரு பழைய ஒட்டுத் தழும்பு,
எந்த ஐப்பசி மழையில் பிடித்த சளியோ.
அதன் ஓரத்திலிருந்து பொடிக் குமிழ்கள்
ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன.
வெகுநேரம் பார்த்தான்.
ஆகாது என்றான்.
முழு மாடும்.

ராவுத்தர் எனக்கு வேண்டாமம்மா என்று ஒதுங்கினார்.
ராஜ் பாதி விலையில் பேச்சை ஆரம்பித்தான்.
எல்காணா வடிகால் ஓரம் குந்தி
கத்தியைக் கழுவி
மறுபடியும் நகத்தில் வைத்தான்.
இதில் குற்றம் இல்லை என்றான்.
யாரும் கேட்டிருக்கவில்லை.

சாயங்காலம் ராஜ் வழக்கம்போல
செய்தித்தாளில் அரைக் கிலோ கட்டிக் கொடுத்துவிட்டான்.
வாங்கிக்கொண்டேன்.
பத்து, பதினேழு, இருபத்தாறு
சோப்புக்குப் போகவில்லை.
பூண்டு உரித்தேன், பூம்பாறைப் பூண்டுதான்.
என் அடுப்படிக் கத்தியை எடுத்துக்
கண்ணை மூடி
நகத்தின் மேல் இழுத்தேன்.
நான்கு இடத்தில் தட்டியது.
வெங்காயத்தை அதிலேயே அரிந்தேன்.